படகில் பாஸிவ் ரேடார்: டிவி டவரின் அலையை வைத்துக் கப்பலைப் பிடிப்பது எப்படி

சாதாரண ரேடார் தானே ஒரு பல்ஸை அனுப்பி, தானே அதன் எதிரொலியைக் கேட்கும். பாஸிவ் ரேடார் எதையும் அனுப்பாது. கரையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டிவி அல்லது எஃப்எம் டவரின் சிக்னலை இரண்டு வழியில் வாங்கும்: டவரிலிருந்து நேராக வருவது ஒன்று, கப்பலிலோ விமானத்திலோ பட்டு வருவது இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டு, பின்னது எவ்வளவு தாமதமாக வந்தது, அதன் அதிர்வெண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது (இந்த நகர்வுதான் டாப்ளர்) என்று கணக்கிட்டால் தூரமும் வேகமும் கிடைக்கும். யோசனை பழையது. 1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தின் டேவென்ட்ரியில், பிபிசியின் ஷார்ட்வேவ் ஒலிபரப்பை மட்டும் வைத்து வாட்சன்-வாட்டும் வில்கின்ஸும் ஒரு ஹேஃபோர்ட் குண்டுவீச்சு விமானத்தைப் பிடித்துக் காட்டினார்கள். பிரிட்டிஷ் ரேடார் வேலை சூடுபிடித்ததே அந்தச் சோதனைக்குப் பிறகுதான்.

இதையே மொட்டைமாடியில் வைத்தால் ஓரிரு நாளில் விமானம் திரையில் விழுந்துவிடும். அதே சாமானைப் படகுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நேர் சிக்னல் எதிரொலியைவிடக் கோடிக்கணக்கான மடங்கு வலுவானது. அதைத் துல்லியமாகக் கழித்தால்தான் எதிரொலி வெளியே தெரியும். அந்தக் கழித்தலோ, டவரைக் கேட்கும் ரெஃபரன்ஸ் ஆன்டெனா, கடலைக் கேட்கும் கண்காணிப்பு ஆன்டெனா இரண்டும் அசையாமல் நிற்கின்றன என்ற நம்பிக்கையில் நடக்கிறது. படகு ஆடும்போது அந்த நம்பிக்கை பொய்த்துப்போகிறது. இந்தக் கட்டுரையில் வரும் ஏற்பாடுகளில் பாதி அந்த ஒரு சிக்கலுக்கானவை.

முதலிலேயே ஒன்று. இது பரிசோதனைக் கருவி. மோதல் தவிர்ப்புக்கு இதை நம்பக்கூடாது. 1972 கடல் மோதல் தடுப்பு விதிகளின் 7ஆம் விதி, அரைகுறைத் தகவலை, அதிலும் அரைகுறை ரேடார் தகவலை, வைத்து அனுமானம் செய்யாதே என்கிறது. இங்கே திரையில் கிடைப்பதெல்லாம் அந்த ரகம்தான். திரையை ஒருவர் பார்த்தால், கடலைப் பார்க்க இன்னொருவர் வேண்டும்.

எந்த டவர்?

எஃப்எம் வேண்டாம். எஃப்எம் சிக்னலின் பயனுள்ள அகலம் சுமார் 100 கிலோஹெர்ட்ஸ்தான். ஒளிவேகத்தை அதால் வகுத்தால் திரையில் ஒரு தூரக் கட்டத்துக்கு 3 கிலோமீட்டர் பாதை நீளம் வரும். அறிவிப்பாளர் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கினால் அகலம் இன்னும் சுருங்கி, கட்டம் இன்னும் பருத்துவிடும். போதாததற்கு 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர். 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் நேராக வரும் கப்பல்கூட மூன்றரை ஹெர்ட்ஸ் நகர்வுதான் காட்டும். விமானத்துக்கு எஃப்எம் நன்றாக ஒத்துழைக்கும். கப்பலுக்கு ஒத்துவராது.

யுஎச்எஃப் டிஜிட்டல் டிவிதான் சரி. 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் அரை மீட்டர், கணக்குப் போடவும் வசதி. டிவிபி-டி என்ற டிஜிட்டல் டிவி முறையின் சிக்னல் 7.6 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற மலிவான யுஎஸ்பி ரிசீவரால் (டாங்கிள்) அதில் 2.4 மெகாஹெர்ட்ஸ் துண்டை மட்டும்தான் எடுக்க முடியும். அதுவே போதும்: ஒரு சாம்பிளுக்கு 125 மீட்டர். ஏடிஎஸ்சி என்ற வேறு டிவி முறை உள்ள நாடுகளில் சேனலின் கீழ் விளிம்பிலிருந்து சுமார் 0.31 மெகாஹெர்ட்ஸ் மேலே பைலட் என்ற பலமான, மாறாத அலை ஒன்று இருக்கும். துண்டை அதற்கு மேலே தள்ளி எடுக்க வேண்டும்.

டவர் எங்கே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். உங்களுக்குப் பின்னால், கரையின் உட்பகுதியில் டவர், முன்னால் கடல். இதுதான் நல்ல அமைப்பு. டவருக்கும் உங்களுக்கும் நடுவே குறுக்கிடும் கப்பல், நேர்ப்பாதையும் எதிரொலிப் பாதையும் ஒரே நீளமாக இருப்பதால், தூரமே காட்டாமல் பூஜ்யத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரே அலைவரிசையில் பல டவர்கள் சேர்ந்து ஒளிபரப்பும் வலையமைப்பாக இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு கப்பல் மூன்றாகத் தெரியும்.

சாமான்

மனநிம்மதி வேண்டுமென்றால் க்ராக்கன் எஸ்டிஆர். ஐந்து ரிசீவர், ஒரே கடிகாரம், சேனல்களைச் சீராக்க உள்ளேயே இரைச்சல் மூலம். நமக்கு வேண்டியது இரண்டு சேனல்தான். ஆர்எஸ்பி-டூயோவும் நல்ல தேர்வு: 14 பிட், இரண்டு டியூனர், இரட்டை முறையில் ஒவ்வொன்றும் 2 மெகாஹெர்ட்ஸ் வரை. 8 பிட் டாங்கிளைவிட நேர் சிக்னலைத் தாங்கும் திறன் இதற்கு அதிகம். சாலிடரிங் கைவந்தவர்கள் இரண்டு ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 டாங்கிளை எடுத்து, ஒன்றின் 28.8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை மற்றதற்கும் கொடுக்கலாம். கடிகாரம் தனித்தனியாக இருந்தால் கழித்தல் நடக்கவே நடக்காது, அதில் பேச்சுக்கே இடமில்லை.

மற்றவை: ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி (இனி ‘பை’) அல்லது ஒரு பழைய லேப்டாப், யுஎஸ்பி எஸ்எஸ்டி, யுஎச்எஃப் டிவி ஆன்டெனா இரண்டு, ஒரே நீளத்தில், ஒரே ரகத்தில் வெட்டிய இரண்டு கோஆக்ஸ் கேபிள், ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு யுஎச்எஃப் பேண்ட்பாஸ் ஃபில்டர், ஏஐஎஸ் (கப்பல்கள் தங்கள் இடத்தையும் வேகத்தையும் தாமே ரேடியோவில் அறிவிக்கும் முறை) கேட்க இன்னொரு மலிவு டாங்கிள், இரண்டு மீட்டர் அலுமினியக் குழாய், ஃபெரைட் வளையங்கள், தானே ஒட்டும் ரப்பர் டேப். 75 ஓம் டிவி கேபிளை 50 ஓம் ரிசீவரில் மாட்டினால் என்ன ஆகுமோ என்று கவலைப்பட வேண்டாம். பொருத்தமின்மையால் போவது 0.2 டெசிபல்கூட இல்லை. எஃப் கனெக்டரில் உப்பு ஏறிப் பச்சை பிடிப்பதுதான் நிஜமான இழப்பு. டேப்பை இழுத்துச் சுற்றி, கேபிள் உள்ளே நுழையுமுன் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விடுங்கள். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும்.

ஆன்டெனா: உயரம் தேடாதீர்கள்

பாய்மரப் படகுக்காரருக்கு வரும் முதல் ஆசை, ஆன்டெனாவைப் பாய்மரத்தின் உச்சியில் கட்டுவது. அதன் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உச்சி 12 மீட்டர், படகு இருபக்கமும் 10 டிகிரி, 4 விநாடிக்கு ஒருமுறை ஆடுகிறது என்று வையுங்கள். உச்சியின் அதிகபட்ச வேகம் விநாடிக்கு 3.3 மீட்டர். 600 மெகாஹெர்ட்ஸில் அது 6.6 ஹெர்ட்ஸ் டாப்ளர். 2 மீட்டர் உயரத்தில் கைப்பிடிக் கம்பியில் கட்டிய ஆன்டெனாவுக்கு அதே ஆட்டத்தில் 0.55 மீட்டர் வேகம்தான், 1.1 ஹெர்ட்ஸ். இப்போது ரெஃபரன்ஸ் ஆன்டெனா கம்பியில், கண்காணிப்பு ஆன்டெனா உச்சியில் என்றால், டவர் பக்கவாட்டில் இருக்கும்போது, கண்காணிப்பு சேனலுக்குள் கசியும் நேர் சிக்னல் ரெஃபரன்ஸோடு ஒப்பிட ஐந்தரை ஹெர்ட்ஸ் இப்படியும் அப்படியும் ஊசலாடும். கழிக்கும் நிரலுக்கு அது புதிய சிக்னலாகத் தெரியும். கழிக்காது. மெதுவாகப் போகும் கப்பல்கள் எல்லாம் அந்தப் பட்டையின் அடியில் புதைந்துபோகும்.

அதனால் இரண்டு ஆன்டெனாவும் ஒரே குழாயில், ஒரே உயரத்தில், படகின் நீளவாக்கில் ஒன்றின் பின் ஒன்றாக இருக்கட்டும். இடைவெளி ஒன்றரை மீட்டர் போதும். படகு பக்கவாட்டில் ஆடும்போது இரண்டும் சேர்ந்தே நகரும், வித்தியாசம் இல்லை. முன்னும் பின்னுமாக எம்பும்போது வித்தியாசம் செங்குத்தாகத்தான் வரும், டவர் தொடுவானத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அது பெரிதாக உறைக்காது. குழாயை நான்கு இடத்தில் இறுக்குங்கள். காற்றில் துடிக்கும் ஆன்டெனா அதுவே ஒரு டாப்ளர் மூலம்.

தொடுவானம் கெட்டுவிடுமே என்றால், 4.12ஐ உயரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கிப் பாருங்கள். 3 மீட்டர் ஆன்டெனாவுக்கு 7 கிலோமீட்டர், 16 மீட்டர் உயரக் கப்பல் மேற்கட்டுக்கு 16.5 கிலோமீட்டர், இரண்டும் சேர்ந்து 23 கிலோமீட்டருக்கு மேல். இந்தச் சாமான் அதற்கு முன்பே களைத்துவிடும்.

கண்காணிப்பு ஆன்டெனாவின் முதுகு டவரைப் பார்க்க வேண்டும். யாகி வகை டிவி ஆன்டெனாவின் முன்-பின் வித்தியாசம் 15, 20 டெசிபல் இருக்கும். அந்த அளவுக்கு நேர் சிக்னல் இலவசமாகக் குறைகிறது. ஆன்டெனாவைச் சில டிகிரி இப்படி அப்படித் திருப்பி, நேர் சிக்னல் எங்கே மிகக் குறைவு என்று பார்த்து அங்கே நிறுத்துங்கள். கடலில் என்ன தெரிகிறது என்று பார்த்துத் திருப்புவது தவறு. படகின் அறைக்கூரையோ உலோக மேற்கட்டோ நடுவில் மறைத்தால் இன்னும் நல்லது. ரெஃபரன்ஸுக்கு நீளமான, கூர்மையான யாகி வேண்டாம்: நங்கூரத்தில் படகு முப்பது டிகிரி சுழன்றாலும் டவர் கைநழுவாத அகலமான குட்டை ஆன்டெனாவே தேவை. முதல் சோதனைகளை நான்கு கயிறு கட்டி நிறுத்திய படகில் செய்யுங்கள். ஆனால் சுற்றிலும் பாய்மரக் காடாக இருக்கும் படகுத்துறை வேண்டாம். ரெஃபரன்ஸுக்குள்ளேயே எதிரொலிகள் கலந்து, ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு நிழல் விழும்.

மின்சாரம், இரைச்சல், விஎச்எஃப்

க்ராக்கனும் பையும் சேர்ந்து உச்சத்தில் 27 வாட் கேட்கும். 12 வோல்ட் பேட்டரியில், கன்வெர்ட்டர் இழப்போடு, சுமார் 2.5 ஆம்பியர். பத்து மணி நேரம் ஓடினால் 25 ஆம்பியர்-மணி. சிறிய படகின் பேட்டரிக்கு இது சில்லறை அல்ல.

மலிவான டிசி கன்வெர்ட்டர், எல்இடி விளக்கு, சோலார் சார்ஜர், ஃபிரிட்ஜ் கம்ப்ரெஸர், இன்வெர்ட்டர் என்று படகில் எல்லாமே இரைச்சல் கிளப்பும். ஸ்பெக்ட்ரத்தைத் திரையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃபியூஸாக இழுத்துப் பாருங்கள். இரைச்சலின் அடித்தளம் எந்த ஃபியூஸில் கீழே இறங்குகிறதோ அதுதான் குற்றவாளி. கன்வெர்ட்டரின் இருபக்க வயரையும் ஃபெரைட்டில் ஐந்தாறு சுற்று சுற்றினால் பெரும்பாலும் அடங்கும்.

படகின் விஎச்எஃப் ரேடியோ விஷயத்தில் அலட்சியம் கூடாது. 25 வாட், 3 மீட்டர் இடைவெளி, 156 மெகாஹெர்ட்ஸ்: வெற்றுவெளி இழப்பு 26 டெசிபல்தான். மோசமான நிலையில் 60 மில்லிவாட் உங்கள் டியூனரின் வாசலுக்கு வந்துவிடும். மைக்ரோவாட்டில் ஒரு துளியைக் கேட்கப் பிறந்த சில்லுக்கு அது சம்மட்டி அடி. முன் சொன்ன பேண்ட்பாஸ் ஃபில்டர் இதற்காகத்தான். அதை டியூனருக்கு முன்னால், பெருக்கி இருந்தால் பெருக்கிக்கும் முன்னால் மாட்ட வேண்டும். ஏஐஎஸ் டிரான்ஸ்பாண்டர் இருக்கும் படகில் ஃபில்டர் போடாமல் ஓட்டினால், ஒவ்வொரு அனுப்புதலுக்கும் திரையில் ஒரு குறுக்குக் கோடு விழும்.

கெயினும் சீரமைப்பும்

தானியங்கி கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) அணைத்துவிடுங்கள். அது கெயினை மாற்றும் ஒவ்வொரு முறையும் கழித்தல் உடைந்துபோகும். கைமுறையாக ஏற்றி, 8 பிட் டாங்கிளில் சாம்பிள்களின் சராசரி வர்க்கமூல அளவு உச்சம் 127க்கு 30 அளவில் நிற்கும்படி வையுங்கள். டிவி சிக்னல் இரைச்சல் மாதிரியானது. அதன் கூரிய உச்சிகள் சராசரியைவிடப் பத்துப் பன்னிரண்டு டெசிபல் எகிறும். அதற்கு மேல் ஏற்றினால் உச்சிகள் வெட்டுப்பட்டு, கழிக்கவே முடியாத குப்பை பட்டை முழுக்கப் பரவும். கெயினைக் கூட்டினால் இலக்கு காணாமல் போகிறது என்றால் காரணம் இதுதான்.

இரண்டு டாங்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. கடிகாரம் ஒன்றானாலும் யுஎஸ்பி வழியே இரண்டும் ஒரே நொடியில் தொடங்காது. சில ஆயிரம் சாம்பிள் முன்பின்னாக இருக்கும். இரண்டு சேனலிலும் உள்ள நேர் சிக்னலைக் கிராஸ்-கோரிலேஷன் (ஒன்றை நகர்த்தி நகர்த்தி மற்றதோடு ஒப்பிடுவது) செய்து, உச்சி விழும் இடத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். நடுவில் உச்சி ஒரு சாம்பிள் நகர்ந்தாலும் யுஎஸ்பியில் சாம்பிள் தவறுகிறது என்று அர்த்தம்: ஹப்பை எடுங்கள், பையின் சூட்டைப் பாருங்கள். மூடிய பெட்டியில், வெயிலில், பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கணக்கு

ஆர்எஸ்பி-டூயோவுக்கு ப்ளா2 என்ற திறமூல நிரல் நேரடியாக ஓடும். க்ராக்கன் தயாரிப்பாளர்கள் அமெரிக்க ஆயுத ஏற்றுமதி விதிகள் பற்றிய கவலையால் தங்கள் பாஸிவ் ரேடார் நிரலை 2022இல் பொதுவெளியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எல்லை தாண்டிப் பயணிக்கும் படகில் இதைக் கவனத்தில் வையுங்கள். ரிசீவர் வைத்திருப்பதற்கே அனுமதி கேட்கும் துறைமுகங்களும் உண்டு. நிரலை நீங்களே எழுதுவதானாலும் பைத்தானில் நூறு வரிக்குள் அடங்கிவிடும்.

ஒரு பார்வைக்கு 20,97,152 சாம்பிள் எடுங்கள். 2.4 மெகாஹெர்ட்ஸில் அது 0.87 விநாடி, டாப்ளர் கட்டம் 1.14 ஹெர்ட்ஸ். முதலில் கழித்தல்: ரெஃபரன்ஸை 0 முதல் 127 சாம்பிள் வரை தாமதித்த பிரதிகளைக் கொண்டு, கண்காணிப்பு சேனலில் அவற்றின் பங்கை லீஸ்ட்-ஸ்கொயர்ஸ் (மிச்சம் மிகக் குறையும்படி பொருத்தும்) முறையில் கண்டுபிடித்து நீக்குங்கள். பிறகு இரண்டு சேனலையும் 1,024 சாம்பிள் கொண்ட 2,048 துண்டாக வெட்டி, துண்டுக்குத் துண்டு கோரிலேஷன் செய்து, ஒவ்வொரு தூரக் கட்டத்திலும் அந்த 2,048 விடைகளின் மேல் ஒரு எஃப்எஃப்டி (அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் கணக்கு). கிடைப்பது தூரம்-டாப்ளர் படம். 128 கட்டம் என்றால் 16 கிலோமீட்டர் பாதை வித்தியாசம். டாப்ளர் இருபக்கமும் 1,170 ஹெர்ட்ஸ் வரை, விமானத்துக்கும் சேர்த்துப் போதும்.

கழித்தலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துச் செய்தால் படகின் ஆட்டத்தை அது பின்தொடரும், படம் சட்டென்று சுத்தமாகும். அந்தச் சுத்தத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். 0.87 விநாடியை எட்டாக வெட்டினால் பகுதி 0.11 விநாடி, கழித்தல் பூஜ்யத்தைச் சுற்றி இருபுறமும் ஒன்பது ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் தின்றுவிடும். 600 மெகாஹெர்ட்ஸில் நான்கு நாட் வேகத்துக்குக் கீழ் நகரும் எதுவும் அதோடு போயிற்று. கட்டிய படகில் பிரிக்காதீர்கள். நங்கூரத்தில் இரண்டாகப் பிரியுங்கள். மேலே போகுமுன் ஆன்டெனாக் குழாயை இறுக்கிப் பாருங்கள்.

சரிபார்ப்பது

முதலில் விமானம். 200 ஹெர்ட்ஸுக்கு மேலே, எந்தக் குப்பையும் இல்லாத இடத்தில் தெரியும். அது தெரியவில்லை என்றால் கப்பலைத் தேடுவது வீண் வேலை.

கப்பலுக்கு ஏஐஎஸ்தான் விடைத்தாள். தனி டாங்கிளில் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸைக் கேட்டு, ஒவ்வொரு கப்பலும் படத்தில் எங்கே விழ வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள். டவர் உங்களுக்குப் பின்னால் 30 கிலோமீட்டர். முன்னால் 5 கிலோமீட்டரில் ஒரு கப்பல் 12 நாட் வேகத்தில் நேராக வருகிறது. டவரிலிருந்து கப்பலுக்கு 35, கப்பலிலிருந்து உங்களுக்கு 5, கூட்டினால் 40. நேர்ப்பாதை 30ஐக் கழித்தால் 10 கிலோமீட்டர். 125 மீட்டரால் வகுக்க, 80ஆவது தூரக் கட்டம். 12 நாட் என்பது விநாடிக்கு 6.17 மீட்டர், இரண்டு பாதையும் சுருங்குவதால் 12.3, அரை மீட்டர் அலைநீளத்தால் வகுக்க, 24.7 ஹெர்ட்ஸ். பூஜ்யத்துக்கு மேலே 22ஆவது வரிசை. அங்கே ஒரு புள்ளி இருந்து, அடுத்த பத்து விநாடியில் 79ஆவது கட்டத்துக்கு வந்தால் அது உங்கள் கப்பல். வராமல் அங்கேயே நின்றால் அது வேறு ஏதோ.

அதே கப்பல் உங்களுக்குக் குறுக்கே திரும்பினால் டாப்ளர் பூஜ்யத்துக்கு இறங்கி, கழித்தலின் வாய்க்குள் போய்விடும். கருவி கெடவில்லை, டவரையும் உங்களையும் குவியங்களாகக் கொண்ட நீள்வட்டத்தின் மேலேயே நகரும் எதையும் இந்த முறையால் பார்க்க முடியாது.

இரண்டரை ஹெர்ட்ஸில், பூஜ்யத்துக்கு இருபுறமும், பக்கத்துத் தூரங்களில் மங்கலான பட்டை தெரிந்தால் அதுவும் கோளாறு அல்ல, கடல்தான். அரை மீட்டர் அலைக்கு எதிரொலி தருவது கால் மீட்டர் நீளத்துச் சிற்றலைகள். அவை விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஓடுபவை, அதற்கான டாப்ளர் இதுவே.

எல்லாத் தூரத்திலும் ஒரே டாப்ளரில் நீளமாகக் கோடு விழுந்தால் கெயின் அதிகம் அல்லது ஆன்டெனா துடிக்கிறது. டாப்ளர் பூஜ்யத்தில் குறிப்பிட்ட தூரங்களில் மட்டும் அசையாத புள்ளிகள் என்றால் சிக்னலின் பைலட்கள் கிளப்பும் போலி உச்சிகள்; அந்தக் கட்டங்களைக் குறித்துவைத்துப் புறக்கணியுங்கள்.

படகு ஓடும்போது

கட்டிய நிலையிலும் நங்கூரத்திலும் ஏஐஎஸ்ஸோடு ஒத்துப்போன பிறகே இதற்கு வாருங்கள். 5 நாட் வேகத்தில் போகும் படகுக்கு, நிற்கும் கரையே நகர்வது போலத் தெரியும். திசைக்குத் திசை வேறு டாப்ளர்: டவரை நோக்கிப் போனால் முன்பக்கப் பொருள் பூஜ்யம், நேர் பின்பக்கப் பொருள் பத்து ஹெர்ட்ஸ். கட்டிடம், மிதவை, நங்கூரமிட்ட கப்பல் எல்லாம் அந்தப் பத்து ஹெர்ட்ஸுக்குள் கலந்து கிடக்கும். கழித்தலில் தாமதப் பிரதிகளோடு, அந்தப் பட்டைக்குள் டாப்ளர் நகர்த்திய பிரதிகளையும் சேர்க்க வேண்டும். ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் இடைவெளியில் ஆறேழு வரிசை. பை 4 மூச்சுத் திணறும். அதனால் ஓடும்போது பதிவு மட்டும் செய்யுங்கள்: இரண்டு சேனலுக்கு விநாடிக்கு 9.6 மெகாபைட், பத்து நிமிடத்துக்கு 5.8 கிகாபைட். எஸ்டி கார்டு இந்த வேகத்தில் தடுமாறும், எஸ்எஸ்டியில் எழுதுங்கள். கூடவே ஜிபிஎஸ், திசைகாட்டி, ஏஐஎஸ் மூன்றையும் ஒரே நேரமுத்திரையோடு சேமித்துவைத்தால், அதே பதிவைக் கரையில் லேப்டாப்பில் பத்து விதமான அமைப்பில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். நேராக, ஒரே வேகத்தில் குறைந்தது பத்து நிமிடம் போங்கள். படகு திரும்பும் நேரத்துப் பதிவைத் தூக்கிப் போட்டுவிடலாம்.